படுவான்கரைக்கு எந்த மின்சாரக் கெப்?

2016 முதல் மட்டக்களப்பில் மின்சாரக் கார் ஓட்டுகிறேன். ஜப்பானில் ஓடி இங்கே வந்த, 24 யூனிட் (கிலோவாட் மணி) பற்றரியுள்ள சின்னக் கார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள வயல் வேலைக்குத் தனியாக, பின்னால் பெட்டியுள்ள பழைய டீசல் டபுள் கெப் ஒன்று நிற்கிறது. அதற்கு இனிமேல் செலவழித்துக் கட்டாது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்ததும், கெப்பையும் மின்சாரத்தில் எடுக்கலாமா என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். இத்தனை வருடம் காரில் கண்டதை வைத்துத்தான் இந்தக் கெப்புகளை எடைபோடுகிறேன்.

மின்வண்டியில் எனக்கு நம்பிக்கை வந்தது 2022 இல். ஊரே எண்ணெய்க்காக கியூ ஆர் கோட்டோடு வரிசையில் நின்றபோது, கரண்ட் வெட்டுக்கு இடையில் கிடைத்த மணித்தியாலங்களில் சார்ஜ் போட்டே சமாளித்தோம். எஞ்சின் ஒயில் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. மோட்டாரே வேகத்தைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக் கட்டைகூட மெதுவாகத்தான் தேய்கிறது.

சூடு வேறு கதை. அந்தக் காரின் பற்றரிக்குத் தனியான குளிரூட்டல் கிடையாது. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நின்ற காரை அப்படியே சார்ஜில் போட்டால், பற்றரி சூடு காட்டும் கோடு இறங்கவே இறங்காது. முன்பு கல்முனைக்குப் போய்வந்தாலும் மிச்சம் இருக்கும். இப்போது களுவாஞ்சிக்குடியோடு திரும்பிவிடுகிறேன். அதனால் கெப்புகளைப் பார்க்கும்போது என் முதல் கேள்வி பற்றரியைத் தண்ணீரோ குளிர்திரவமோ ஓடிக் குளிர்விக்கிறதா என்பது. இல்லை என்றால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. இரண்டாவது, பற்றரியின் வகை. லித்தியம் அயன் பொஸ்பேற் வகை கொஞ்சம் பாரம் கூட. ஆனால் சூட்டைத் தாங்கும், முழுக்க சார்ஜ் போட்டு வைத்தாலும் மற்றதைப்போலச் சீக்கிரம் தளராது.

அடுத்தது பாரம். விற்பவர்கள் குதிரைவலுவைச் சொல்வார்கள், பெரிய திரையைக் காட்டுவார்கள். எனக்கு மூட்டைக் கணக்குத்தான் வேண்டும். நெல் மூட்டை 65 கிலோ, நானும் உதவிக்கு வரும் தம்பியும் சேர்ந்து 130 கிலோ என்று வையுங்கள். இசுசு டி-மேக்ஸின் மின்சாரப் பதிப்பு 1,010 கிலோ தாங்கும், அதாவது 13 மூட்டை. புதிய டொயோட்டா ஹைலக்ஸின் மின்சாரப் பதிப்பு 715 கிலோ, 9 மூட்டையோடு சரி. பிவைடி ஷார்க் 790 கிலோ, 10 மூட்டை. கொரியாவின் முசோ மின்சாரக் கெப்பில் பெட்டி அழகு, உள்ளே சொகுசு, ஆனால் கொரியாவில் சொல்லும் கணக்குப்படி 500 கிலோதான் ஏற்றலாம். 5 மூட்டைக்கு யார் கெப் எடுப்பார்கள்? எல்டிவி ஈடி60 ஒரு தொன் தாங்கும், பற்றரியும் 88.5 யூனிட். ஆனால் பின் சில்லு இரண்டுக்கு மட்டுமே இழுவை. அறுவடை நேரத்தில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகும் பாதையின் சேற்றில் பெட்டி வெறுமையாக இருக்கும்போது அது எனக்குச் சரிவராது. டி-மேக்ஸில் முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார், நாலு சில்லும் எப்போதும் இழுக்கும்.

அமெரிக்கக் கெப்புகளின் படங்களைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ரிவியன், சைபர்ட்ரக், எஃப்-150 லைட்னிங் எல்லாமே இடது பக்க ஸ்டியரிங். இங்கே பேச்சுக்கே இடமில்லை.

தூரக் கணக்கில் கவனம் வேண்டும். டி-மேக்ஸுக்கு 66.9 யூனிட் பற்றரி. டபிள்யூஎல்டிபி என்ற இப்போதைய தூரச் சோதனைப்படி 263 கிலோமீற்றர், யூனிட்டுக்கு நாலு கிலோமீற்றர் என்று வரும். சில கம்பனிகள் என்இடிசி என்ற பழைய சோதனைக் கணக்கைப் போட்டுப் பெரிய எண் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். லோட் ஏற்றி, ஏசி போட்டால் இன்னும் குறையும். நான் 200 என்றே எடுத்துக்கொள்கிறேன். அம்பாறைக்குப் போய்வர 140, தாராளம். கொழும்பு கிட்டத்தட்ட 320 கிலோமீற்றர். நடுவழியில் ஒரு மணித்தியாலமாவது நிறுத்தி சார்ஜ் போட வேண்டும், மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வந்து பாதை மாற்றிவிட்டால் கணக்கு எல்லாம் குழம்பிவிடும்.

மாதத்தில் பல தடவை கொழும்புக்கு மீன் கொண்டுபோகும் என் மச்சானுக்கு நான் சொல்வது ஷார்க். அது முழு மின்சாரம் இல்லை. 29.6 யூனிட் பற்றரியோடு 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் இருக்கிறது. ஊருக்குள் கரண்டில் ஓடலாம், நெடுந்தூரத்துக்குப் பெற்றோல். ஆனால் எஞ்சின் இருந்தால் ஒயிலும் ஃபில்டரும் கூடவே வரும். எனக்கு அது வேண்டாம்.

இனி யாருமே கேட்காத விஷயம், வீட்டு வயரிங். முதல் வருடம் காரை மூன்று ஊசி பிளக் பொயின்ற்றில்தான் போட்டேன். ஒருநாள் பிளக்கைக் கழற்றும்போது கை சுட்டது. கரண்ட் வேலை செய்யும் தம்பி வந்து மூடியைக் கழற்றினார். ஸ்குரூ இளகி, வயரின் சிவப்பு உறை கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. “அண்ணன், இது அயன் பண்ண வச்ச பொயின்ற். ராத்திரி முழுக்க இழுத்தா தாங்காது” என்றார். மீற்றரிலிருந்து தனியாகத் தடித்த வயர், தனி பிரேக்கர், நல்ல ஏர்த் போட்டபிறகு அந்தப் பயம் போய்விட்டது.

கெப்புக்கு இது இன்னும் முக்கியம். சாதாரணப் பொயின்ற்றில் மணிக்கு இரண்டு யூனிட் சொச்சம்தான் ஏறும். 66.9 யூனிட்டை நிரப்ப ஒரு நாளுக்கு மேல் வேண்டும். 7 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர் இழுக்கும். பெரும்பாலான வீட்டு இணைப்போ 30 ஆம்பியர், அதில் மோட்டாரும் ஏசியும் வேறு. த்ரீ பேஸ் எடுத்து, நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணத்துக்கு மாறினால், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலையில் 49 யூனிட் வரை போடலாம். அடுத்த நாள் வட்டைக்குப் போய்வர அது போதும்.

ரிட்டாரா ஆர்டி6 என்ற இன்னொரு மின்சாரக் கெப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. அதிலிருந்து 6 கிலோவாட் வரை கரண்ட் வெளியே எடுக்கலாம். வயல் குடிசையான வாடியில் தண்ணீர் இறைக்கும் இரண்டு குதிரைவலு பம்புக்கு இரண்டு கிலோவாட்டுக்குள் போதும், பெற்றோல் கானைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. 815 மில்லிமீற்றர் தண்ணீரிலும் ஓடும் என்கிறார்கள், டி-மேக்ஸுக்கு அது 600. ஆனால் அதன் உடம்பு கார்போல ஒரே கூடு, தனிச் சட்டகம் (சேஸி) இல்லை. வரம்பேறி இறங்கும் லோட் வேலைக்கு நான் சட்டகத்தைத்தான் நம்புகிறேன்.

அதனால் என் தெரிவு டி-மேக்ஸ் மின்சாரம். முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்கப்போவது, முதலில் சொன்ன பற்றரிக் குளிரூட்டலும் வகையும், அதோடு பற்றரி உத்தரவாதம். உத்தரவாதம் பொதுவாக 8 வருடம், கொள்ளளவு 70 வீதத்துக்குக் கீழே போகாது என்பார்கள். இங்கே அதை அளந்து பார்ப்பது யார், பற்றரியை இறக்க மட்டக்களப்பிலேயே ஆள் உண்டா, இல்லை கொழும்புக்கு ஏற்றிப்போக வேண்டுமா, அந்தக் கூலி யார் தலையில் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். த்ரீ பேஸுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். அது கிடைத்தபிறகுதான் வண்டி.