கிறிஸ்துமஸ் குடிலுக்கு ‘கைவேலை’ செட் ஆர்டர் செய்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

அக்டோபர் பிறந்ததும் இன்ஸ்டாகிராமில் குடில் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. ‘பெத்லகேம் கிராமம், முழுக்கக் கைவேலை. மலை, கிணறு, குளம், பேரீச்ச மரம், வீடுகள், விளக்கு எல்லாம் ஒரே செட்டில்’ என்று போட்டு, கூடவே அசத்தலான படங்கள். அப்படி ஒரு செட்டை நம்பி 2024 கிறிஸ்துமஸுக்கு 7,200 ரூபாய் கொடுத்து நாங்கள் ஏமாற்றப்பட்டோம். பணம் போனது ஒரு பக்கம். வந்த பொருள் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாத பொருள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் தூத்துக்குடி. எங்கள் வீட்டுக் குடில் எப்போதுமே சித்தப்பாவின் பொறுப்பு. மரச்சட்டம் அடித்து, நடுவில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, களிமண் குழம்பும் ஃபெவிகாலும் கலந்ததில் கோணிச்சாக்கை முக்கி மேலே போர்த்துவார். காய்ந்ததும் அது பாறை மடிப்பு போல விறைத்து நிற்கும். ஈரம் முழுதாகப் போவதற்குள் தேரிக்காட்டுச் செம்மண்ணைச் சலித்துத் தூவுவார். வீடுகளுக்குத் தென்னம் பன்னாடையில் கூரை, பனையோலையைக் கீறிப் பேரீச்ச மரம், காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி உருண்டை மரங்கள். இதெல்லாம் பல வருடச் சேமிப்பு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பரணில் இருந்த சுரூபங்கள், அதாவது குடில் சிலைகள், பிழைத்தன. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த மரங்களும் வீடுகளும் ஊறிப் பூஞ்சை பிடித்துப் போயின.

அடுத்த வருடம் சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நுணுக்கமான வேலை எதுவும் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் அன்பியத்தில் (எங்கள் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) வீட்டுக் குடில் போட்டியும் இருந்தது. சரி, இந்த வருடம் மட்டும் வெளியே வாங்கலாம் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்தோம்.

விற்பவர் பேச்சு நன்றாகவே இருந்தது. “சிஸ்டர், எல்லாமே எங்க கையால செய்றது. உங்க சுரூபம் எவ்வளவு உயரம்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கபடி செஞ்சு தர்றோம்” என்றார். எங்கள் சுரூபங்கள் 20 சென்டிமீட்டர் உயரம் என்று ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தே அனுப்பினேன். செட் 6,500, கூரியர் 700. ‘கஸ்டம் ஆர்டர் என்பதால் முழுப் பணமும் முன்னாடியே’ என்றார்கள். ஒரு செல்போன் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார்கள். நவம்பர் கடைசியில் வரும் என்றது டிசம்பர் மூன்றாம் வாரம்தான் வந்தது. நடுவில் கேட்கும்போதெல்லாம் ‘பெயின்ட் காயுது சிஸ்டர்’ என்று ஒரே பதில்.

பெட்டியைப் பிரித்ததும் தின்னர் வாடை முகத்தில் அடித்தது. மலை என்று வந்தது வெறும் தெர்மாகோல். தெர்மாகோலில் மலை செய்வது தப்பில்லை, நன்றாகவே செய்யலாம். ஆனால் அதன் மீது ஸ்ப்ரே பெயின்டை நேரடியாக அடிக்கக் கூடாது. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தெர்மாகோலில் பெரும்பங்கு காற்றுதான், பிளாஸ்டிக் கொஞ்சமே. அந்தக் கொஞ்சமும் கரைந்தால் உள்ளே பொந்து விழும். மேலே பெயின்ட் மெல்லிய ஓடாக நிற்பதால் பார்க்கப் பாறை போலத்தான் இருக்கும். முறையாகச் செய்பவர்கள் முதலில் ஃபெவிகால் பூசியோ, தண்ணீரில் கலக்கும் பெயின்டை இரண்டு கோட்டிங் கொடுத்தோ மூடிவிட்டு அப்புறம்தான் ஸ்ப்ரே பக்கம் போவார்கள். எங்களுக்கு வந்த மலையில் இடையர் சுரூபத்தை வைத்ததுமே மேடு உள்வாங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற தங்கை பிடித்ததால் சுரூபம் தப்பியது.

குளம்தான் இதைவிட மோசம். ரெசின் ஊற்றிய குளம். படத்தில் பார்த்தால் அசல் தண்ணீர் தோற்றுப் போகும். எபாக்ஸி ரெசின் என்பது இரண்டு திரவங்கள், ரெசினும் ஹார்ட்னரும். தயாரிப்பாளர் சொல்லும் அளவில், 2:1 என்றால் அதே 2:1, 3:1 என்றால் அதே 3:1, அளந்து ஊற்றி அடி முதல் விளிம்பு வரை நன்றாகக் கலக்க வேண்டும். அளவு பிசகினாலோ கலக்கல் சரியில்லை என்றாலோ அது எத்தனை நாள் போனாலும் இறுகாது. எங்கள் குளம் அப்படித்தான் இருந்தது. விரல் வைத்தால் ரேகை பதிந்தது. பாட்டி காலத்து மண் ஆட்டுக்குட்டி ஒன்றைத் தண்ணீர் குடிப்பது போலக் கரையில் வைத்திருந்தோம். மறுநாள் எடுத்தபோது முன்னங்கால் இரண்டிலும் இருந்த வெள்ளைப் பூச்சு உரிந்து குளத்திலேயே நின்றுவிட்டது, உள்ளே இருந்த செம்மண் தெரிந்தது. தொட்ட தங்கை மகனுக்கு உள்ளங்கையில் அரிப்பு. இறுகாத எபாக்ஸி தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். அதைக் கையுறை போட்டுத்தான் கையாள வேண்டும். குழந்தைகள் கை நீட்டித் தொடுகிற உயரத்தில் வைக்கும் பொருளில் இதைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மரங்கள் கைவேலையே இல்லை. பொம்மை ரயில் வைத்து விளையாடுபவர்கள் வாங்கும் அச்சு பிளாஸ்டிக் மரங்கள், உயரம் ஐந்து சென்டிமீட்டர் இருக்கும். அந்த மாடல்களில் அதிகம் புழங்கும் அளவு 1:87, நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. அதாவது ஆள் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான் இருப்பான். எங்கள் 20 சென்டிமீட்டர் சூசையப்பர் பக்கத்தில் வைத்தால் மரம் அவர் முழங்காலைத்தான் தொட்டது. கேட்டதற்கு, “பின்னாடி வைங்க சிஸ்டர், தூரத்துல இருக்கிற மாதிரி தெரியும்” என்றார். தூரத்தைக் காட்டப் பின்னால் சிறியதாக வைப்பது நல்ல உத்திதான். ஆனால் முன்னால் பெரியது, நடுவில் அதைவிடச் சிறியது என்று படிப்படியாகக் குறைந்து வந்தால்தான் கண் அதை ஏற்கும். அத்தனையும் ஒரே அளவில் இருந்தால் எங்கே வைத்தாலும் செடிதான். அதோடு, உயரம் கேட்டு வாங்கியது அவர்களேதான்.

புல்லுக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். சாயம் ஏறவே இல்லை. மழைக்கால ஈரக்காற்றில் மேசை விரிப்பு முழுக்கப் பச்சைத் திட்டு. விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண சீரியல் செட் ஒன்றை நடுவில் வெட்டி, முறுக்கி, செல்லோடேப் சுற்றித் தெர்மாகோலுக்குள் புதைத்திருந்தார்கள். இது அடாப்டர் இல்லாமல் நேரடியாக 230 வோல்ட்டில் செருகுகிற வகை. தெர்மாகோல் தீப்பிடிக்கும் பொருள், குடிலில் வைக்கோல் வேறு இருக்கும். எலக்ட்ரீஷியன் பார்த்ததும் பிடுங்கிப் போடச் சொன்னார். குடிலுக்குள் வைப்பதென்றால் 5 வோல்ட் யுஎஸ்பி விளக்கு போதும், பாதுகாப்பும்கூட.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் ‘அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா’ என்றார்கள். இருந்தது, அனுப்பினேன். பெட்டியின் ஆறு பக்கமும் வீடியோவில் தெரியவில்லை என்றார்கள். அப்புறம் ‘கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்று ஒரு வரி. அதற்கு மேல் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்கள். வேறு எண்ணிலிருந்து சித்தப்பா பேசினார். வயதானவரிடம் “இவ்வளவு விலைக்கு இதுதான் சார் வரும்” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். குடில் வேலையிலேயே காலம் கழித்த மனிதர், அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

பிறகுதான் அந்த விளம்பரப் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தோம். ஒன்றுகூட இவர்கள் செய்ததில்லை. மலைப் படம் இத்தாலியில் ஒருவர் செய்த குடில், அவருடைய பக்கத்தில் பல வருடங்களாக இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அது தெர்மாகோலே இல்லை, தக்கைப் பட்டை (கார்க்). நேப்பிள்ஸ் நகரத்தில் குடில் மலைகளைத் தக்கை மரப் பட்டையால் கட்டுவது காலகாலமாக நடக்கிற வேலை. சான் கிரிகோரியோ அர்மேனோ என்ற தெருவே அங்கே குடில் பட்டறைகளுக்குப் பேர் போனது, வருடம் முழுக்க வேலை நடக்கும். அந்தக் கைகளின் உழைப்பைத் திருடி இங்கே விளம்பரம் போட்டு, ஊறுகாய் பாட்டில் மூடியில் வார்த்த கிணற்றை அனுப்புகிறார்கள். ஆம், கிணற்றின் உள்பக்கம் மூடியின் மரையே தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் உறவினரிடம் கேட்டோம். இணையவழி வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் குறைபாடுள்ள பொருளையும் திரும்பப் பெற்றுக்கொள்ளவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. ‘கஸ்டம் ஆர்டர், ரிட்டர்ன் கிடையாது’ என்று அவர்களே எழுதி வைத்துக்கொண்டால் அது செல்லுபடியாகிவிடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் கம்பி நீட்டினால் அது சைபர் குற்றம், தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

எங்களுக்கு இடித்த இடம் ஒன்றுதான். புகாரில் எழுத விற்பவரின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு இன்ஸ்டா பக்கத்தின் பெயரும் ஒரு செல்போன் எண்ணும். கூரியர் சீட்டில் அனுப்புநர் இடத்தில் ஊர் பெயர் மட்டும். ஆகவே பணம் அனுப்பும் முன் பெயர், முகவரி, பில் மூன்றையும் கேளுங்கள். உண்மையாகக் கைவேலை செய்பவர் இதற்குத் தயங்க மாட்டார். அடுத்து, பாதி செய்த நிலையில் உங்கள் செட்டைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரப் படத்தை எவரும் எங்கிருந்தும் எடுத்துவிடலாம், அரைகுறையாக நிற்கும் உங்கள் மலையை எங்கிருந்தும் எடுக்க முடியாது. ரெசின் குளம் இருந்தால், அதை நகத்தால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், தடம் விழக் கூடாது. என்ன பசை, என்ன பெயின்ட் என்று கேளுங்கள். செய்கிறவருக்கு அது பெருமையோடு சொல்லக்கூடிய விஷயம், சித்தப்பாவிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். வாங்கி விற்பவர்தான் ‘எல்லாம் ஹை குவாலிட்டி சிஸ்டர்’ என்று முடித்துக்கொள்வார். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பொருள் செலவுக்குப் பாதி கேட்பது நியாயம், மீதியை வீடியோ பார்த்தபின் கொடுங்கள்.

உங்கள் பங்குக் கோயிலிலேயே குடில் கட்டும் அண்ணன்மார் இருப்பார்கள், முடிந்தால் அவர்களிடம் செய்யச் சொல்லிக் கூலி கொடுங்கள். அந்த வருடம் எங்களுக்குக் கடைசியில் கை கொடுத்தது அவர்கள்தான். 24ஆம் தேதி சாயங்காலம் எங்கள் அன்பியத்துப் பையன்கள் நாலு பேர் கோணியும் களிமண்ணுமாக வந்து இறங்கினார்கள். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நள்ளிரவுத் திருப்பலிக்குப் போவதற்குள் மலை நின்றுவிட்டது. குளத்துக்குப் பழைய கண்ணாடித் துண்டு, ஓரத்தை மணலால் மூடினோம். மண் காய நேரமில்லாததால் சுரூபங்களுக்கு அடியில் மட்டும் பலகை வைத்துச் சமாளித்தோம்.

எங்கள் புகார் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. நீலக் கதவு போட்ட மூன்று வீடுகள், இடது பக்கம் படிக்கட்டு, நடுவில் நீர்வீழ்ச்சி, இந்தப் படத்தைக் காட்டி உங்களிடமும் யாராவது பணம் கேட்டிருந்தால் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் சாட், பணம் போன ரசீது, கூரியர் சீட்டு, பெட்டி எதையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஒரே செல்போன் எண்ணின் மீது பல புகார்கள் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.