ஸ்பைடருக்கு எந்த ஹேண்டில்பார்? ரைசரா, மூட்டு வைத்ததா?

கேன்-ஆம் ஸ்பைடரில் நெடுந்தூரப் பயணத்துக்கான ஆர்டி மாடலை வாங்கியவர்களிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். "வண்டி சொகுசுதான், தோள்பட்டைதான் போகுது" என்பார்கள். கனடாவின் கியூபெக்கில் இருக்கும் பிஆர்பி நிறுவனம் 2007-ல் அறிமுகப்படுத்திய ஸ்பைடர் வரிசை வண்டி இது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பைக் மாதிரி வளைவில் சாயாது. பவர் ஸ்டீயரிங் இருப்பதால் திருப்புவது கஷ்டமில்லை. ஆனால் வளைவில் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்படும்போது அதை இழுத்துப் பிடிப்பது உங்கள் கைதான். கிரிப் இரண்டு அங்குலம் தள்ளி இருந்தால், பைக்கில் பொறுத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு மணி நேரத்தில் வலி கழுத்து வரை ஏறிவிடும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, கையைத் தளர்வாக முன்னால் நீட்டுங்கள். உள்ளங்கை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கிரிப் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கூட இருப்பவர் டேப் வைத்து அளக்கட்டும். அப்புறம் ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி இன்னொரு முறை. பலர் இந்த இரண்டாவது அளவை விட்டுவிடுகிறார்கள். வெளிப்பக்கக் கை அந்த நிலையில் விறைத்து நீண்டுவிட்டால், நேராகப் போகும்போது எவ்வளவு வசதியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இருப்பதிலேயே மலிவு ரைசர். பழைய ஹேண்டில்பார் அப்படியே இருக்கும், அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து மேலேயும் கொஞ்சம் பின்னாலேயும் கொண்டுவருவார்கள். அரை நாள் வேலை. ஆனால் அது நகர்த்துவது ஒரே திசையில்தான். மணிக்கட்டு மடங்கும் கோணம் மாறாது. என் மாமா முதலில் இதைத்தான் போட்டார். தோள் வலி போய், மணிக்கட்டு வலி வந்தது.

மூட்டு வைத்த ஹேண்டில்பார் என்பது வேறு சாதி. ஹெலிபார்ஸ் போன்றவர்கள் செய்கிறார்கள். பார் ஒரே துண்டாக இருக்காது. இடையிடையே மூட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஆலன் போல்ட். உயரம், பின்னிழுப்பு, கிரிப் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதெல்லாம் தனித்தனியே மாற்றலாம். விலை ரைசரைப் போலப் பல மடங்கு. பொருத்துவதற்கும் பொறுமை வேண்டும்: சுவிட்சுகள், சூடாகும் கிரிப்பின் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டும். இடது, வலது இரண்டையும் ஒரே கோணத்தில் வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இங்கே ஸ்பைடர் ஓட்டுபவருக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. பிரேக் முழுக்கக் காலில்தான், ஹேண்டிலில் பிரேக் லீவரே கிடையாது. எஸ்இ என்கிற செமி-ஆட்டோமேட்டிக் கியர் வகை என்றால் கிளட்ச் லீவரும் இல்லை, கியர் மாற்றுவது இடது கை பொத்தானில். ஆக, மேலே ஏற்றும்போது இழுபடப் போவது வயர்கள் மட்டும். ஹார்லியின் மூன்று சக்கர வண்டியான டிரை கிளைடில் அப்படி இல்லை. அதில் முன் பிரேக் ஹோஸ் ஹேண்டில் வரை வருகிறது. ஓரிரு அங்குலத்துக்கு மேல் ஏற்றினால் பெரும்பாலும் நீள ஹோஸ் போட வேண்டும், பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதை வீட்டு வாசலில் செய்யாதீர்கள். டிரை கிளைட்காரர்களுக்கு நான் ரைசரைத்தான் சொல்வேன், அதுவும் சின்னதாக.

இன்னும் வண்டியே வாங்கவில்லையா? அப்படியானால் அதே பிஆர்பியின் இன்னொரு மூன்று சக்கர வண்டியான ரைக்கரைப் பாருங்கள். ஸ்பானர் எதுவும் இல்லாமலேயே ஹேண்டிலையும் கால் வைக்கும் பெடலையும் முன்னும் பின்னும் நகர்த்தலாம். முன்னும் பின்னும் மட்டும்தான், ஆனாலும் பலருக்கு அதுவே போதும். ஸ்பைடரின் எஃப்3 மாடலில் நீளம் வேறுவேறான ஹேண்டில்பார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பொருத்தியபின் அது அவ்வளவுதான். ஒருவர் மட்டும் ஓட்டுவதென்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எதைப் போட்டாலும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் மூன்று சோதனை. காற்றைத் தடுக்கும் முன் கண்ணாடியை முழுசாக இறக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள்: விரல் அந்தக் கண்ணாடியில் இடிக்கக் கூடாது, கிரிப் முழங்காலில் முட்டக் கூடாது. எந்த வயரும் விறைக்கக் கூடாது. த்ராட்டில் கேபிள் உள்ள பழைய வண்டி என்றால், இன்ஜினை ஓட விட்டுத் திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் கேபிள் இழுபடுகிறது, அந்த வண்டியைத் தெருவுக்கு எடுத்துப் போகவே கூடாது.

மாமா கடைசியில் மூட்டு வைத்ததற்கே மாறினார். காரணம் அத்தை. அவரும் அதே ஆர்டியை ஓட்டுகிறார், உயரம் ஐந்தடி. டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) வைத்து இறுக்கியபின் ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் பெயின்ட் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்: மாமாவுக்கு வெள்ளை, அத்தைக்கு மஞ்சள். ஆள் மாறும்போது கோட்டுக்குக் கோடு சேர்த்து இறுக்கினால் போதும். கிளம்பும் முன் அத்தை குனிந்து மஞ்சள் கோடுகளைப் பார்ப்பார். ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் சாவியைப் போட மாட்டார், ஆலன் கீயைத்தான் எடுப்பார்.