கொழுவ வருபவருக்குப் பதிலா, புளொக்கா, மறைப்பா?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப் குழுவும் சில வருடங்களாக என் தலையில். மதவடி வீதிவிளக்கு எரியவில்லை என்று ஒரு படம் போட்டால் போதும், பத்தாவது கொமென்டில் யாரோ யாருடைய தகப்பனையோ இழுத்திருப்பார். ஊரைவிட்டுப் போனவர்கள் இருக்கும் ரொறன்ரோ எங்களுக்குப் பின்னால் ஒன்பதரை, பனிக்காலத்தில் பத்தரை மணித்தியாலம். நாங்கள் பாய் விரிக்கும்போது அங்கே மத்தியானம், கொழுவலும் அப்போதுதான் சூடுபிடிக்கும்.

பதில் எழுதத்தான் கை முதலில் துடிக்கும். ஒரு தரம் எழுதலாம், அதுவும் அவருக்காக அல்ல, பேசாமல் வாசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக. "பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தாயிற்று", அவ்வளவுதான். இரண்டாவது பதிலில் என் தமிழும் அவருடைய தமிழ் மாதிரியே ஆகிவிடுகிறது.

முன்பின் தெரியாதவர், போலிப் பெயர்க்காரர் என்றால் யோசிக்காமல் புளொக் பண்ணலாம். ஊர்க்காரர் என்றால்? பேஸ்புக்கில் நட்பும் சேர்ந்து அறும். பிறகு புளொக்கை எடுத்தாலும் அது தானாக ஒட்டாது. அவர் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை, நாளைக்குச் சங்கக்கடையில் முகம் பார்க்க வேண்டும். வட்ஸ்அப்பிலோ புளொக்கால் பாதிப் பயன்தான்: இருவரும் இருக்கும் குழுவில் அவர் எழுதுவது உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். அட்மின் அந்தச் செய்தியை எல்லோருக்கும் அழிக்கலாம், ஆனால் அட்மின் அழித்தார் என்ற அடையாளம் நிற்கும். அதற்கென்று இன்னொரு சண்டை! அதனால் இரவில் அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டு நான் படுத்துவிடுவேன்.

சொந்தக்காரர் என்றால் எல்லாவற்றையும் விட்டுப் போன் எடுப்பேன். எழுத்தில் தூசணம் கொட்டியவர் குரலில் "சாப்பிட்டாச்சோ?" என்பார்.

என் ஓட்டு மறைப்புக்கு. பேஸ்புக் பக்கத்தில் ஒரு கொமென்டை மறைத்தால் அது எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் தெரியும். அவருக்கோ போட்டது போட்டபடி இருக்கும், கோபிக்கக் காரணம் இல்லை. இன்ஸ்டாகிராமிலும் 2019 முதல் இதே மாதிரி 'ரெஸ்ட்ரிக்ட்' உண்டு. குறை என்னவென்றால், ஊரில் பாதிப்பேர் அவருக்கும் நண்பர்கள்.

மிரட்டல், பெண்பிள்ளைகளின் படம் என்று வந்தால் இந்தக் கணக்கெல்லாம் சரிவராது. முதலில் ஸ்கிரீன்ஷொட், பிறகு ரிப்போர்ட். வட்ஸ்அப்பில் அப்படிச் செய்தால் அவர் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அவருக்கு அறிவிப்பு வராது. அதற்கும் மேலே பொலிஸ். இலங்கையில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது, ஆனால் கருத்துச் சுதந்திரத்துக்கே கைவைக்கும் என்று கண்டிக்கப்பட்ட சட்டம். ஒரு கெட்ட வார்த்தைக்காக அந்தப் பக்கம் போகமாட்டேன்.

போன திருவிழாவில் தேர்முட்டியடியில் ஓர் அண்ணை என்னை மறித்தார். அவருடைய ஏழெட்டுக் கொமென்ட் மறைப்பில் கிடக்கிறது.

"பாத்தியோ தம்பி, நான் கேட்டதுக்கு ஒருத்தராலும் பதில் சொல்ல ஏலாமப் போச்சு."

"ஓம் அண்ணை" என்றேன்.