பிசியோதெரபி முடிந்த பின் முழங்காலைப் பராமரித்தல்: நீண்ட கால அனுபவம்

வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை செய்து, பிசியோதெரபியும் முடிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அறுவையைப் பற்றியும் அதை அடுத்த மூன்று மாதங்களைப் பற்றியும் எழுதுவோர் பலர் உண்டு. அதற்குப் பிறகு வீட்டில் தனியாக என்ன செய்வது, வாங்கிய பொருள்களில் எது உதவியது, எது மூலையில் கிடக்கிறது என்பதை எழுதுவோர் குறைவு என்பதால் இதைப் பகிர்கிறேன்.

பிசியோதெரபியின் கடைசி நாளன்று, "இனிமே நீங்க வர வேண்டாம் சார், வீட்லயே செஞ்சுட்டு வாங்க" என்று ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். தாளில் பயிற்சிகள் எல்லாம் இருக்கும். ஆனால் சிகிச்சை நிலையத்தில் நமக்காக வேறொருவர் செய்துவந்த இரண்டு வேலைகள், அதாவது மடங்கும் அளவைக் கோணமானி வைத்துப் பார்ப்பதும், தசை பழகியதும் சுமையைக் கூட்டுவதும், அதில் இருப்பதில்லை. சுமையைப் படிப்படியாகக் கூட்டினால்தான் தசை வலுப்பெறும் என்பதை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயமுற்ற படைவீரர்களிடம் செய்து பார்த்து, 1945-இல் கட்டுரையாக வெளியிட்டவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். பத்துப் பத்தாக மூன்று சுற்று என்று இன்றும் தாளில் எழுதித் தருகிறார்களே, அந்தக் கணக்கும் அவர் வழி வந்ததுதான்.

"தினமும் நடக்கிறேனே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது என்பதே என் கருத்து. சமதளத்தில் நடக்க முழங்கால் ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி வரை மடங்கினால் போதும். படியேற 80 முதல் 90 டிகிரியும், தாழ்வான இருக்கையிலிருந்து எழ 90-க்கு மேலும் தேவைப்படும். ஆகவே மடக்கம் சிறிது சிறிதாகக் குறைந்து வந்தாலும் நடையில் அது தெரியாது. தொடையின் முன்தசையும் அப்படித்தான். அது தளர்ந்தால் நல்ல கால் சத்தமில்லாமல் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

அதனால் மாதம் ஒருமுறை மூன்று அளவுகளை எடுக்கிறேன். கட்டிலில் கால் நீட்டி அமர்ந்து, முழங்காலைத் தளரவிட்டால், மூட்டின் கீழே உள்ள இடைவெளி எவ்வளவு என்று தெரியும். உள்ளங்கை எளிதாக நுழைந்தால் நீட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, குதிகாலை இடுப்பை நோக்கி இழுத்து, அது நிற்கும் இடத்திலிருந்து இடுப்பு வரையுள்ள தூரத்தைத் தையற்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பால் அளக்கிறேன். மூன்றாவது, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுமையாக எழ முடிகிறது என்று பார்ப்பது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, 60 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களுக்கு 14-க்குக் குறைந்தாலும், பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலும் அது சராசரிக்குக் கீழ். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். இலேசான பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் நழுவும். நல்ல காலைச் சற்று முன்னே தள்ளி வைத்து எழுந்து பார்த்தால், அறுவை செய்த கால் உண்மையில் எவ்வளவு தாங்குகிறது என்பது அப்போதே விளங்கிவிடும்.

பொருள்களில் என் முதல் தேர்வு கணுக்காலில் கட்டும் எடைப்பை. அரைக் கிலோவிலிருந்து தொடங்கி மெல்லக் கூட்டலாம். கூட்டியது எவ்வளவு என்பதும் ஐயமின்றித் தெரியும். வியர்வையில் அதன் வெல்க்ரோ பட்டை பிடிமானத்தை இழப்பதுதான் குறை. வாங்க விரும்பாதவர்கள் உப்புப் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக் கட்டிக்கொள்ளலாம். ரப்பர் பட்டை பயணத்திற்கு நல்லது, ஆனால் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. ஜன்னலோரம் தொங்கவிட்டது பிசுபிசுத்து, ஓரத்தில் கீறல் விட்டது. கீறல் கண்ட பட்டையை இழுக்கக் கூடாது, அறுந்தால் முகத்தில் அடிக்கும். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் விறைப்பு கூடும் என்பது பரவலான வழக்கம் என்றாலும், நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறுவதால் நிறத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். தரையில் வைத்து மிதிக்கும் சிறு பெடல் கருவி, காலை விறைப்பைப் போக்குவதற்கு மட்டுமே பயன்பட்டது. டைல்ஸ் தரையில் நகர்ந்துகொண்டே போகும், திருகைத் திருப்பினால் எவ்வளவு சுமை கூடியது என்றும் சொல்லாது. கைபேசிச் செயலியை நீக்கிவிட்டேன். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே எடையையும் எண்ணிக்கையையும் குறித்துவிடுகிறேன்.

முதல் ஆண்டுக்குப் பிறகு தினமும் வலுப்பயிற்சி தேவைப்படவில்லை. வாரத்திற்கு இரண்டு மூன்று நாள்களாகக் குறைத்தேன், எடையை மட்டும் குறைக்கவில்லை; நாள்கள் குறைந்ததைத் தசை பொறுத்துக்கொண்டது. மடக்கி நீட்டுவது மட்டும் அன்றாடம் உண்டு. கல்யாணம், வெளியூர் என்று ஓரிரு வாரம் விட்டுப்போனால் பெரிய இழப்பில்லை. அதற்கு மேல் போனால் ஒரு படி குறைந்த எடையில் மீண்டும் தொடங்குவது நல்லது. மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருந்தால் அன்று ஓய்வு தருகிறேன், ஏனெனில் வீக்கம் இருக்கும்போது தொடைத்தசை முழுமையாக இயங்குவதில்லை. சூடு, சிவப்பு, காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அறுவை முடிந்து ஆண்டுகள் ஆனாலும் மூட்டில் தொற்று ஏற்படலாம்.

இன்னும் முழுமையாகக் கைவராதது படி இறங்குவது. ஏறுவது எளிது; அறுவை செய்த காலில் உடலின் எடையைத் தாங்கிக்கொண்டு மற்றக் காலை மெதுவாகக் கீழே வைப்பதுதான் கடினம். இதற்கு வீட்டிலிருந்த மணையைப் பயன்படுத்திப் பார்த்தேன். ஓரத்தில் காலூன்றினால் கவிழப் பார்க்கிறது. மாடிப்படியின் முதற்படியே மேல், கைப்பிடியும் அருகில் இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் ஒரே ஒரு நாள் சென்று, காலண்டரைக் காட்டி, பயிற்சிகளை மாற்றி வாங்கிக்கொள்கிறேன். போக இயலாத முதியவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) அளிக்கும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.