டெக் பலகையை மாற்றுமுன் அடியில் குனிந்து பாருங்கள்

ஒன்ராறியோவில் பின்வளவு உள்ள வீட்டுக்காரர்களுக்கு மர டெக், அதாவது வீட்டை ஒட்டிப் பலகையால் கட்டும் திறந்த மேடை, தீராத வேலை. பனி உருகியதும் பலகையில் பச்சைப் பாசி, வெடிப்பு, மேலெழும்பிய ஆணித்தலை, குழந்தையின் காலில் ஏறும் சிலாம்பு. கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சாயம் பூசினால் இரண்டு மூன்று குளிர்காலம் தாங்கும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. அலுத்துப்போனவர்கள் கடைக்குப் போனால் பலகையின் நிறத்தைக் காட்டி மயக்குவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: டெக் எவ்வளவு உயரம், பலகையைத் தாங்கும் அடிச்சட்டம் எந்த நிலையில் இருக்கிறது?

பழையதைப் பெயர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2003 இறுதிவரை வீட்டு டெக்குகளுக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் பெரும்பாலும் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தது. அதை எரிக்கக் கூடாது. பின்னர் வந்த மரத்தில் செம்புச் சேர்மங்கள் இருக்கின்றன. அவை சாதாரண இரும்பு ஆணியை அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஸ்க்ரூ அல்லது துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூதான் போட வேண்டும். இதில் மலிவு பார்த்த டெக்குகளில் மரம் நன்றாக இருக்கும், ஆணி போயிருக்கும்.

மாற்றுகளில் அதிகம் விற்பது கம்போசிட். மரத்தூளும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த பலகை. ஆரம்பகாலத்தவை மேலுறை இல்லாமல் வந்ததால் பூஞ்சணமும் கறையும் பிடித்துப் பெயரைக் கெடுத்தன. இப்போது வருபவற்றில் பிளாஸ்டிக் உறை உண்டு. சிலவற்றில் மூன்று பக்கம், சிலவற்றில் நான்கு. வாங்குவதென்றால் நான்கு பக்கமும் மூடியதை வாங்குங்கள். வீட்டுக்குள் வாடை ஏறக் கூடாதென்று நம்மவர்கள் வெளியே அடுப்பு வைத்து மீன் பொரிப்பது டெக்கில்தானே? அந்த எண்ணெய் மரத்தில் சொட்டினால் இறங்கிவிடும். உறையிட்ட கம்போசிட்டில் அன்றைக்கே சவர்க்கார நீரால் துடைத்தால் போய்விடும். மஞ்சள் கறையை வெயில் தானே வெளிற்றிவிடும். விட்டுவைத்த எண்ணெய்தான் அடம்பிடிக்கும்.

குறைகளும் உண்டு. அடர்நிறப் பலகையில் ஜூலை மதியம் வெறுங்காலுடன் நிற்க முடியாது. வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடியிலிருந்து தெறிக்கும் வெயில் ஒரே இடத்தில் விழுந்தால் பலகை நெளியவும் கூடும். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், கம்போசிட் மரத்தைவிட எளிதில் தொய்யும். அடிச்சட்டங்களுக்கு இடையே பொதுவாக 16 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பலகையைக் கோணலாகப் பதித்தால் 12. தடித்த மரப்பலகையை நம்பி 24 அங்குல இடைவெளியில் கட்டிய பழைய டெக் என்றால், இடையில் புதிய சட்டங்கள் சேர்க்காமல் பலகையை மட்டும் மாற்ற முடியாது. விலை சொல்ல வருபவர் குனிந்து அடியில் பார்க்காமலே தொகை எழுதினால் அவரை அனுப்பிவிடுங்கள்.

பி.வி.சி. பலகையில் மரத்தூளே கிடையாது. எனவே உளுக்காது, எடையும் குறைவு. ஆனால் 16 அடிப் பலகை ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில் அரை அங்குலம்கூட நீண்டு சுருங்கும். முனையில் இடைவெளி விடத் தெரிந்த கை வேண்டும். கம்போசிட்டைவிட விலையும் பொதுவாகக் கூடுதல். நிழலே இல்லாத நீச்சல்குளக் கரைக்கு இதைச் சொல்வேன், மற்றபடி அவசியமில்லை.

அலுமினியம் உளுக்காது, எரியாது. மழை விழும்போது சத்தம் போடும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வகைப் பலகைகள் தண்ணீரைக் கீழே விடாது. மேல்தளத்தில் டெக், அதன் அடியில் நிலவறைக் குடித்தனக்காரரின் வாசல் என்று அமைந்த வீடுகளுக்கு இந்தச் செலவு தகும்.

டெக் ஓரடி உயரம்தான் என்றால் டெக்கே எதற்கு? மண்ணைத் தோண்டி, சரளை போட்டு இறுக்கி, வீட்டிலிருந்து தண்ணீர் விலகும்படி சரிவு கொடுத்து, சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கும் இன்டர்லாக் தரைக்கல் பதிக்கலாம். உறைபனி மண்ணைத் தூக்கும்போது ஓரிரு கல் எழும்பும், இடுக்கில் எறும்பு வரும். எழும்பிய கல்லை எடுத்து, அடியைச் சமன்செய்து, அதே கல்லைத் திரும்ப வைத்தால் முடிந்தது. இந்த வசதி வேறு எதிலும் இல்லை. என் ஓட்டு கல்லுக்குத்தான்.

உயரமான டெக்குக்கு இந்த வழி இல்லை. அங்கே 25 ஆண்டு உத்தரவாதம் என்று விற்கும் பலகையும் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல்தான் உட்காருகிறது. உத்தரவாதம் அந்தச் சட்டத்துக்கு இல்லை. வீட்டுச் சுவரோடு சேரும் கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அந்தக் கட்டை போல்ட் இல்லாமல் வெறும் ஆணியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். டெக்குகள் இடிந்து விழும்போது பெரும்பாலும் பிடி விடுவது அங்கேதான். சட்டம் உறுதியாக இருந்தால் வெளிர்நிறக் கம்போசிட் போடலாம். ஓரிரு ஆண்டில் வீட்டை விற்கப்போகிறவர் புதிய மரப்பலகையே போட்டுக்கொள்ளலாம். சட்டம் உளுத்திருந்தால் மொத்தத்தையும் இறக்கிவிட்டு, உறைபனி எட்டாத ஆழத்தில், தென் ஒன்ராறியோவில் பொதுவாக நான்கடியில், புதிய அடித்தூண் போட வேண்டும். ரொறன்ரோவில் தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் என்றால் அதற்கு நகராட்சி அனுமதியும் எடுக்க வேண்டும்.