தைத்து ஒட்டுவதா, பலகை அடுக்குவதா?

இரண்டு பேர் உட்காரும் சின்னப் பாய்ப்படகை வீட்டிலேயே கட்ட நினைத்தபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பிளைவுட்டை வெட்டிச் செம்புக் கம்பியால் தைத்து, எபாக்சி என்ற, கலந்தால் இறுகும் பசையால் ஒட்டுவது. மற்றது, பலகை விளிம்பின் மேல் அடுத்த பலகை ஏறும்படி அடுக்கி, செம்பாணி அடித்து, உள்ளே விலா எலும்பு மாதிரி வங்கு வைத்துக் கட்டும் பழைய முறை. நான் தைத்து ஒட்டினேன். அதனால் இங்கே நடுநிலையான தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

ஃபைபர் உடல் மூன்றாவது வழி. தூத்துக்குடியில் ஆளைப் பிடித்தால் வார்த்தே தந்துவிடுவார்கள். கட்டும் ஆசை இல்லாதவர்களுக்கு அதுதான் சரி.

அழகில் பலகைப் படகுதான், பேச்சே இல்லை. உழைப்பில் பிளைவுட்தான், அதிலும் பேச்சில்லை. பலகைப் படகுக்கு முதலில் படகின் வடிவத்தைக் காட்டும் அச்சுச் சட்டங்கள் நிறுத்த வேண்டும், வங்குகளை ஆவியில் வேகவைத்து வளைக்க வேண்டும், ஒவ்வொரு பலகையையும் அதனதன் இடத்துக்குத் தக்கபடி இழைக்க வேண்டும். தையல் முறையில் பிளைவுட் துண்டுகளின் வடிவமே அச்சு. விளிம்புகளைச் சேர்த்துக் கம்பியை முறுக்க முறுக்கப் படகு தானாக எழுந்து நிற்கும். 1963-ல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் சேர்ந்து வெளியிட்ட மிரர் படகு இந்த முறையைத்தான் நம்பியது. 3.3 மீட்டர் நீளம், சிவப்புப் பாய். தச்சுவேலை தெரியாதவர்களும் வீட்டில் கட்டலாம் என்பதே அதன் வாக்குறுதி. 70,000-க்கும் மேல் கட்டப்பட்டுவிட்டன.

படகைத் தைப்பது நமக்குப் புதிதும் இல்லை. சோழமண்டலக் கரையில் அலையை உடைத்துக்கொண்டு போன மசூலாப் படகுகளின் பலகைகளைப் பிடித்திருந்தது கயிற்றுத் தையல்தான். ஆனால் அதில் தையல் கடைசிவரை இருக்கும். இதில் எபாக்சி இறுகியதும் கம்பியை உருவிவிடுவோம். பக்கத்துத் தெருவில் தோணி வேலை பார்த்த ஓடாவி, அதாவது படகுத் தச்சர், ஒருவர் இருக்கிறார். வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தச்ச கம்பிய உருவிப்புட்டு படகுன்னு சொல்லுதீய?" என்றார். "காயட்டும் அண்ணாச்சி, தண்ணில விட்டுப் பாப்போம்" என்றேன்.

அவருக்குப் பதில் சொல்லத் தேடியபோதுதான் முக்கியமான கேள்வியே பிடிபட்டது: தண்ணீரில் இல்லாத நாள்களில் இந்தப் படகு எங்கே இருக்கும்?

தோணியும் வள்ளமும் தண்ணீரிலேயே கிடப்பவை. பலகை ஊறி உப்பி, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். மீதியைப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் பார்த்துக்கொள்ளும். என் படகு வருடத்தில் நாற்பது நாள் மிதந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே குப்புறக் கிடக்கும். தூத்துக்குடி வெயிலில் ஒரு மே மாதம் அப்படிக் கிடந்தால் பலகை நாரின் குறுக்கே சுருங்கும், மூட்டுகள் வாய் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பாய் விரிக்க வேண்டுமென்றால் வியாழக்கிழமையே ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்ற ஆரம்பிக்க வேண்டும். அலுவலகம் போய்வருகிற ஆள் எத்தனை வாரம் அதைச் செய்வான்?

பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அந்தச் சுருக்கம் மிகக் குறைவு. உள்ளும் புறமும் எபாக்சி பூசிவிட்டால் ஈரம் ஏறி இறங்குவதும் மட்டுப்படும். நான்கு மாதம் கழித்துத் தள்ளிக்கொண்டு போனாலும் அன்றைக்கே மிதக்கிறது. மூன்று வருடமாக இதுதான் என் அனுபவம், இந்த ஒன்றுக்காகவே திரும்பவும் இதே முறையைத்தான் எடுப்பேன்.

ஆனால் எபாக்சி நம் ஊருக்கென்று செய்தது இல்லை. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். முதல் நாள் ஆழமான டப்பாவில் நிறையக் கலந்துவிட்டேன். கையிலேயே சுட்டு, புகைந்து, கல்லாகிவிட்டது. பிறகு அகலத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். மரத்தில் பூச்சு அடிப்பதை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொண்டேன். காலையில் அடித்தால் மரம் சூடேற ஏற உள்ளே இருக்கும் காற்று விரிந்து பூச்சில் கொப்புளம் போடும். ஈரக் காற்றில் இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சு அடித்தால் பிடிக்காது.

எடையிலும் அடி வாங்கினேன். மிரரின் வெற்றுடல் 45 கிலோ சொச்சம். அங்கே இலேசான ஒகூமே மரத்துப் பிளைவுட் போடுகிறார்கள். எனக்குக் கிடைத்தது படகுக்கான பிளைவுட்டின் இந்தியத் தர முத்திரையான ஐஎஸ் 710 உள்ள 6 மி.மீ. கடின மரப் பிளைவுட். கிட்டத்தட்ட அதே அளவுள்ள என் படகு 62 கிலோவில் நிற்கிறது. கரையில் இழுக்க இரண்டு ஆள் வேண்டும். முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள். என் முதல் பிளைவுட் அதில் அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது. விளிம்பை வெட்டியதும் உள்ளடுக்கில் ஓட்டை தெரிந்தாலும் கடைக்கே திருப்பிவிடலாம்.

பலகைப் படகு திருப்பி அடிப்பது பழுது பார்ப்பதில். ஒரு பலகை போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். அழுகல் கண்ணுக்கும் தெரியும். பிளைவுட்டில் பூச்சு கீறி உப்புநீர் இறங்கினால் பெயின்டுக்குக் கீழே கமுக்கமாக அழுகும். அதனால் ஒவ்வொரு தடவையும் கரையேற்றியதும் கவிழ்த்து அடிவிளிம்பைத் தடவிப் பார்க்கிறேன், கீறல் இருந்தால் காயவைத்து அன்றே அடைக்கிறேன். வெயில் எபாக்சியைத் தின்னும், எனவே வார்னிஷ் ஆசையை விட்டுவிட்டு வெள்ளை பெயின்ட். பதினைந்தாவது வருடத்தில் இது எப்படி இருக்கும் என்று சாட்சி சொல்ல என் படகுக்கு வயது போதாது. பலகை முறையில் நான் முழுப் படகு கட்டியதும் இல்லை. ஓடாவி அண்ணாச்சிக்குக் கூடமாட நின்றதோடு சரி.

வீட்டு வாசலிலேயே உப்பங்கழி இருந்து, படகு எப்போதும் நனைந்தே கிடக்கும் என்றால் பலகைக்கே போங்கள். இரண்டுக்கும் நடுவே, பிளைவுட் கீற்றுகளை விளிம்பேற்றி எபாக்சியால் ஒட்டும் முறையும் உண்டு. பார்க்கப் பலகைப் படகு, காய்ந்தாலும் வாய் திறக்காது. ஆனால் அச்சுச் சட்டம் வேண்டும். அண்ணாச்சி போன மாதம் வந்து என் படகின் அடியை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். "இப்போதைக்குச் சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றவர், அச்சுச் சட்டத்துக்குத் தன் வீட்டில் பழைய மரம் கிடப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.