முப்பதைக் கடந்தவர்களுக்குச் செவிலியர் படிப்பு: அறிவியல் எழுதிவிட்டு பிஎஸ்சியா, நேரடியாக ஜிஎன்எம்மா?

குமரி மாவட்டத்திலிருந்து செவிலியராகிக் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்கள் ஏராளம். பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அந்தப் படிப்பில் சேர்ந்தவர்கள். பள்ளியில் வணிகவியலோ வரலாறோ படித்து, மணமாகி, பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகு இந்தப் பணிக்கு வர விரும்பும் பெண்களுக்குத் தெளிவாக வழி சொல்பவர்கள் குறைவு. மணமானவர்களும் சேரலாம் என்று செவிலியர் படிப்புகளுக்கு விதி வகுக்கும் இந்திய செவிலியர் குழுமத்தின் பிஎஸ்சி நர்சிங் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதைக்கூடப் பலர் அறிவதில்லை. அவர்கள் முன்னால் இருக்கும் முக்கியமான வழிகள் இரண்டு.

முதல் வழி, விடுபட்ட அறிவியல் பாடங்களைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதித் தேர்ச்சி பெற்று, நான்காண்டு பிஎஸ்சி நர்சிங்கில் சேர்வது. இந்தப் பள்ளியில் சேர உச்ச வயது இல்லை. பதிவு ஐந்தாண்டுகள் செல்லும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. இதன் சான்றிதழைச் செவிலியர் குழுமமும் ஏற்கிறது. ஆனால் இந்தப் பள்ளியில் தேர்ச்சிக்கு 33 விழுக்காடு போதும் என்பதை நம்பிப் படித்தால் ஏமாற நேரிடும். பிஎஸ்சி நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடு தேவை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 விழுக்காடு. ஆங்கிலத்திலும் தனியாகத் தேர்ச்சி பெற வேண்டும். தமிழ்நாட்டில் கலந்தாய்வு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் தரவரிசைப்படி நிரப்பப்படுவதால், தகுதி மதிப்பெண் பெற்றவருக்கெல்லாம் அரசு இடம் கிடைத்துவிடாது. மூன்று அறிவியல் பாடங்களுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. கணிதத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு இயற்பியல்தான் பெரிய தடையாக நிற்கும்.

இரண்டாவது வழி, கையிலிருக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைக் கொண்டே மூன்றாண்டு ஜிஎன்எம் (பொதுச் செவிலியம், மகப்பேறு செவிலியம்) பட்டயத்தில் சேர்வது. எந்தப் பிரிவில் படித்திருந்தாலும், மொத்தத்தில் 40 விழுக்காடும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் இருந்தால் குழுமத்தின் விதிப்படி தகுதி உண்டு. முடித்து, தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்ததும் செவிலியராகப் பணியாற்றலாம். பிறகு, பட்டயம் முடித்தவர்களுக்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பிஎஸ்சி படித்துப் பட்டமும் பெறலாம்.

கால அளவை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அறிவியல் பாடங்களுக்கு ஓராண்டும் பட்டத்துக்கு நான்காண்டும் சேர்ந்து ஐந்து. பட்டயத்துக்கு மூன்றும் மேற்படிப்புக்கு இரண்டும் சேர்ந்து ஐந்து. ஆயினும் ஜிஎன்எம் வழியில் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே சம்பளம் வாங்கத் தொடங்கலாம் என்பது, ரப்பர் பால் வெட்டும் கூலியையோ வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தையோ நம்பி நடக்கும் வீட்டுக்குச் சாதாரண வேறுபாடு அல்ல.

இதைவிடப் பெரிய வேறுபாடு வயதில் இருக்கிறது. ஜிஎன்எம் சேர்க்கைக்கு உச்ச வயது 35. முப்பத்து மூன்று வயதுள்ள ஒருவர் முதலில் அறிவியல் பாடங்களை எழுதிப் பார்ப்போம் என்று தொடங்கி, ஏப்ரலில் ஒரு பாடத்தில் தவறி, அக்டோபரில் தேர்ச்சி பெற்றாலும், செவிலியர் படிப்புகளுக்குச் சேர்க்கை ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பதால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவருக்கு ஜிஎன்எம் வாய்ப்பும் கைநழுவிப் போகக்கூடும். எனவே முப்பதைக் கடந்தவர்களுக்கு ஜிஎன்எம்மையே நான் பரிந்துரைப்பேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் இருப்பவர்கள், குறிப்பாகப் பின்னாளில் செவிலியர் கல்லூரியில் கற்பிக்க விரும்புபவர்கள், முதல் வழியைத் துணிந்து எடுக்கலாம்; எனினும் அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் வயது வரம்பைப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஜிஎன்எம்மில் சேர்வதால் அறிவியலிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகியவை முதல் ஆண்டிலேயே வருகின்றன, அதுவும் ஆங்கிலத்தில். சேர்க்கைக்கு முன் கிடைக்கும் மாதங்களில், பிள்ளைகளுடையதோ அக்கம்பக்கத்தாருடையதோ ஆன பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகங்களை ஆங்கிலவழிப் பதிப்பில் ஒருமுறை முழுமையாக வாசித்துவிடுவது பெரிதும் உதவும்.

குடும்பத்துடன் பேசி முடிவு செய்ய வேண்டியது வருகைப்பதிவைப் பற்றி. வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை தேவை. மருத்துவமனைப் பயிற்சியில் விடுபட்ட நாட்களை ஈடுசெய்து முழுமையாக முடித்தால்தான் படிப்பு நிறைவுபெறும். குலசேகரத்திலிருந்தோ அருமனையிலிருந்தோ அதிகாலைப் பேருந்து பிடித்து நாகர்கோவிலில் காலைப் பணிமுறைக்கு நிற்க முடியுமா, விடுதியில் தங்கியே ஆக வேண்டும் என்று அந்த நிறுவனம் சொல்கிறதா, சொன்னால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாண்டு ஏஎன்எம் (துணைச் செவிலியர், மகப்பேறு உதவியாளர்) படிப்பு மூன்றாவது வழி. கிராம சுகாதாரப் பணியில் விருப்பமுள்ளவர்களுக்கு அது ஏற்றது. அதற்கும் சேர்க்கை வயது 35 வரைதான். ஆனால் ஏஎன்எம் முடித்தவர்கள் பின்னர் ஜிஎன்எம்மில் சேரும்போது அவர்களுக்கு வயது வரம்பு கிடையாது.

தேர்வே இல்லை, ஓராண்டில் நர்ஸ் ஆகலாம் என்று அழைக்கும் உதவியாளர் சான்றிதழ் வகுப்புகளை இந்த மூன்றோடும் சேர்த்து எண்ணக் கூடாது. அவற்றை முடித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பணம் கட்டுவதற்கு முன், அந்த நிறுவனம் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.